கல்லறைச் சாபமும் என் மாமனாரும்: எகிப்தில் ஐந்து நாள்

முதல் நாள்: கெய்ரோ

என்னோடு வந்திருக்க வேண்டியவள் என் மனைவி. அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. "அப்பாவைக் கூட்டிட்டுப் போங்க. ரொம்ப நாளா பிரமிடு பிரமிடுன்னு சொல்லிக்கிட்டே இருக்கார்" என்றாள். அப்படித்தான் சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுபத்தொரு வயது மாமா, கழுத்தில் மஃப்ளரும் கையில் புளியோதரைப் பொட்டலமுமாக வந்து சேர்ந்தார்.

மாமா பத்திரப் பதிவில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவர். உலகத்தில் எதைப் பார்த்தாலும் முதலில் அது யார் பெயரில் இருக்கிறது, வில்லங்கம் உண்டா என்றுதான் கேட்பார். விமானத்தில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "மாப்பிள்ளை, அந்தக் கல்லறையைத் திறந்தவங்க எல்லாம் செத்துப் போனாங்களாமே, நிஜமா?"

அவர் சொன்னது துட்டன்காமன் என்ற இளம் எகிப்திய மன்னனின் கல்லறையை. 1922-இல் அதைத் திறந்தவர்கள் சாபத்தால் செத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. இந்தப் பயணமே அந்தக் கேள்விக்காகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று கீசாவில் உள்ள புதிய பெரிய அருங்காட்சியகம். 2025 நவம்பரில் முறைப்படி திறந்தார்கள். துட்டன்காமன் கல்லறையில் கிடைத்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களை ஒரே இடத்தில் வைத்திருக்கிறார்கள். பொன் முகமூடியின் முன்னால் கூட்டம் திருப்பதி ஜருகண்டி மாதிரி நகர்ந்தது. எனக்கு அதைவிட உள்சவப்பெட்டிதான் மலைப்பாக இருந்தது. 110 கிலோ தங்கம். மாமா மனக்கணக்குப் போட ஆரம்பித்து, சவரன் விலை நினைவுக்கு வந்ததும் பாதியில் விட்டுவிட்டார்.

அந்தப் பொருள்களில் இரண்டு எக்காளங்கள் உண்டு. ஒன்று வெள்ளி, ஒன்று செம்புக் கலவை. 1939 ஏப்ரலில் பிபிசி வானொலிக்காக ஒரு பிரிட்டிஷ் படைவீரர் அவற்றை ஊதினார். ஐந்தே மாதத்தில் இரண்டாம் உலகப் போர் வந்துவிட்டது. எக்காளம் ஊதினால் போர் வரும் என்ற கதை அன்றிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. "ஹிட்லர் வானொலி கேட்டிருப்பானோ?" என்றார் மாமா.

இரவு கொஷரி சாப்பிட்டோம். சோறு, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே தக்காளிக் குழம்பும் பொரித்த வெங்காயமும். மாமாவுக்குப் பிடித்துவிட்டது. புளியோதரை தப்பித்தது.

இரண்டாம் நாள்: சக்காரா

காலையில் பிரமிடுகள். அவற்றைப் பற்றி எழுத எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. பெரிதாக இருக்கின்றன, ஒட்டகக்காரர்கள் விடுவதாக இல்லை. "இந்தியா? அமிதாப் பச்சன்!" என்று பத்துப் பேராவது கூப்பிட்டிருப்பார்கள். மாமாவுக்கு ரஜினியை யாரும் சொல்லவில்லையே என்று குறை.

மதியத்துக்கு மேல் சக்காரா என்ற பழைய இடுகாடு. சாபத்தைத் தேடி வருகிறவன் வர வேண்டிய இடம் இதுதான், துட்டன்காமனின் கல்லறை இருக்கும் மன்னர்களின் பள்ளத்தாக்கு அல்ல. சாபங்கள் உண்மையிலேயே பொறித்திருப்பவை பெரும்பாலும் நாலாயிரத்து சொச்சம் வருஷத்துக்கு முந்தைய அதிகாரிகளின், அர்ச்சகர்களின் கல்லறைகள். அரசர்களின் கல்லறைகளில் அல்ல.

தேத்தி மன்னனின் இடிந்த பிரமிடை ஒட்டி கென்திகா என்ற அமைச்சரின் கல்லறை இருக்கிறது. நாங்கள் போனபோது பூட்டியிருந்தது. அதன் கல்வெட்டில், தூய்மையில்லாமல் உள்ளே வருகிறவனின் கழுத்தைப் பறவையின் கழுத்தைப் பிடிப்பதுபோல் பிடிப்பேன் என்கிறார் அவர். அதோடு, அவன்மேல் வழக்கும் தொடுப்பாராம், தெய்வத்தின் மன்றத்தில். மாமாவை இது உடனே கவர்ந்தது.

"ஆக, நேரா அடிக்க மாட்டார். கேஸ் போடுவார்."

"ஆமா மாமா. ரெண்டும் பண்ணுவார்."

கீசாவில் மேனி என்பவரின் கல்லறையிலிருந்து வந்த வாசகம் இன்னும் நன்றாக இருக்கும். இப்போது அந்தக் கல் ஜெர்மனியில் இருக்கிறது. இந்தக் கல்லறைக்குக் கேடு செய்பவனை நீரில் முதலை எதிர்க்கட்டும், நிலத்தில் பாம்பு எதிர்க்கட்டும். நான் அவனுக்கு ஒன்றும் செய்ததில்லை, தீர்ப்பைத் தெய்வம் சொல்லும் என்கிறது. அந்தக் கடைசிப் பகுதியில் ஒரு சின்ன ஆதங்கம் இருக்கிறது. உனக்கு நான் என்னடா பண்ணினேன் என்று கேட்கிற மாதிரி.

மாமா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நம்ம ஊர்க் கோயில் கல்லுல இருக்கிற அதே சங்கதிதான். இந்தத் தர்மத்துக்கு அகிதம் செய்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான்னு எழுதியிருக்கும்ல? அது சாபம் இல்ல மாப்பிள்ளை. பத்திரத்தோட கடைசி ஷரத்து. கோர்ட்டு, போலீஸ் எட்டாத இடத்துக்கு எழுதி வைக்கிறது."

நான் படித்த எந்த விளக்கமும் இவ்வளவு சுருக்கமாக இருந்ததில்லை. நம் கல்வெட்டுகளிலும் முதலில் தானம், அளவு, எல்லை எல்லாம் வரும்; காப்பவரின் பாதம் என் தலைமேல் என்று ஒரு பணிவு வரும்; அதன் பிறகுதான் காராம்பசு. எகிப்திலும் ஏறக்குறைய இதே வரிசை. மிரட்டல் இருக்கும் சுவரிலேயே ஒரு வேண்டுகோளும் இருக்கும்: "பூமியில் வாழ்பவர்களே, இந்தக் கல்லறையைக் கடந்து போகிறவர்களே, எனக்காக ஆயிரம் ரொட்டி, ஆயிரம் பீர், ஆயிரம் மாடு, ஆயிரம் பறவை என்று சொல்லுங்கள்." கையில் ஒன்றும் கொண்டுவர வேண்டாம், சொன்னால் போதும். வாயின் மூச்சுதானே, சொல்பவனுக்கு என்ன நஷ்டம் என்று சில கல்லறைகளில் கெஞ்சியே எழுதியிருக்கிறார்கள்.

மெரெருகா என்ற இன்னொரு அமைச்சரின் கல்லறை திறந்திருந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட அறைகள். சுவரெல்லாம் மீனும் நீர்யானையும் வாத்தும். பலி மேடைக்கு மேலே மெரெருகாவே மாடத்திலிருந்து ஒரு காலை முன்னே வைத்து வெளியே வருவதுபோல் சிலையாக நிற்கிறார். அந்த ஆயிரம் ரொட்டியைச் சொல்லிப் பாருங்களேன் என்றேன் மாமாவிடம்.

"பீரெல்லாம் என் வாயால சொல்ல மாட்டேன்" என்று நகர்ந்துவிட்டார்.

மூன்றாம் நாள்: ரயில்

பகல் முழுவதும் வெயிலில் சுற்றிவிட்டு இரவு ரயில் ஏறினோம். லக்சர் அறுநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல்; பத்து மணி நேரம். தூக்கம் வராமல் மாமா ஊர்க்கதை சொன்னார். அதை மட்டும் எழுதுகிறேன்.

அவருக்குப் பத்து வயதிருக்கும்போது பக்கத்து வீட்டுப் பெரியப்பா ஒருவர் வீட்டுக்கு மை போட்டுப் பார்ப்பவர் ஒருவர் வந்தார். வெற்றிலையில் மையைத் தடவி உற்றுப் பார்த்துவிட்டு, மாட்டுத் தொழுவத்துக்குக் கீழே ஏழு குடம் பொன் இருக்கிறது, பூதம் காக்கிறது என்றார். பூதம் தலைச்சன் பிள்ளை கேட்டதாம். பேரம் பேசிக் கடைசியில் ஒரு கருப்புக் கிடாவுக்கு இறங்கியது. பிறகு பூஜைக்கு, தகட்டுக்கு, பூதத்தைக் கட்டும் கயிற்றுக்கு என்று ஒவ்வொரு அமாவாசைக்கும் ஒரு செலவு. பெரியப்பா ரெண்டு ஏக்கர் நஞ்சையை விற்றார். தொழுவத்தில் பனை உயரத்துக்குக் குழி. ஒரு நாள் அந்த ஆள் வரவில்லை. ஐப்பசி மழையில் குழி நிறைந்தது.

"நான் நீச்சல் கத்துக்கிட்டதே அந்தக் குழியிலதான்" என்றார் மாமா.

"பூதம் ஒண்ணும் பண்ணலையா?"

"பாவம், அதுக்கும் நீச்சல் தெரியாதோ என்னவோ."

நான்காம் நாள்: லக்சர், மேற்குக் கரை

காலையில் படகில் நைலைக் கடந்து மேற்குக் கரை. நாளைக்கும் சேர்த்து ஒரு காரைப் பேசிக்கொண்டோம். ஓட்டுநர் இந்த ஊர்க்காரர். அவருக்கும் அரைகுறை ஆங்கிலம், மாமாவுக்கும் அரைகுறை ஆங்கிலம். அதனால் இருவரும் பிரமாதமாகப் பேசிக்கொண்டார்கள்.

தேர் எல்-பஹ்ரியில் ஹட்ஷெப்சுட் அரசியின் கோயிலைப் பார்த்துவிட்டு, அதற்குத் தெற்கே உள்ள மலைமடிப்பைக் காட்டச் சொன்னேன். அங்கே ஒரு ஆழமான குழி. 1871 வாக்கில் குர்னா கிராமத்து அப்து எல்-ரசூல் சகோதரர்கள் அதற்குள் இறங்கியபோது, இரண்டாம் ராம்செஸ், முதலாம் சேத்தி, மூன்றாம் துத்மோஸ் ஆகிய மன்னர்கள் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்ட மம்மிகள் அடுக்கிக் கிடந்தன. கல்லறைக் கொள்ளைக்குப் பயந்து பழங்கால அர்ச்சகர்களே ஒளித்து வைத்தவை. சகோதரர்கள் வாய் திறக்காமல் பத்து வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுச் சாப்பிட்டார்கள். ஊரார் அந்தப் பக்கம் வராமலிருக்க ஒரு கழுதையைக் கொன்று குழியில் போட்டார்கள் என்று கதை. நாற்றம் கிளம்பியதும் அங்கே இஃப்ரீத் இருக்கிறது என்று ஊரே ஒதுங்கிவிட்டதாம். இஃப்ரீத் என்றால் நம்ம ஊர்ப் பேய், பிசாசு மாதிரி.

பேய்க்கு எந்த ஊரிலும் இதுதான் வேலை. காவல் காக்க வந்ததென்பார்கள். யாருக்குக் காவல் என்று பார்த்தால், ஏற்கெனவே உள்ளே கை விட்டிருப்பவனுக்கு.

1881-இல் குட்டு உடைந்தது. சகோதரர்களுக்குள் பங்குத் தகராறு. (மாமா தலையாட்டினார், இது அவருடைய துறை.) மம்மிகளை ஏற்றிய நீராவிக் கப்பல் நைலில் போனபோது கரையில் பெண்கள் தலைவிரித்து ஒப்பாரி வைத்தார்கள், ஆண்கள் துப்பாக்கியால் சுட்டு மரியாதை செய்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நாடு முழுக்க அதிகாரிகளும் வெள்ளைக்காரர்களும் மம்மியைப் பண்டமாகப் பார்த்த காலத்தில், செத்தவர்களைச் செத்தவர்களாகப் பார்த்தவர்கள் அந்தப் பெண்கள்தான் என்று எனக்குத் தோன்றியது.

மதியச் சாப்பாட்டின்போது மாமா ரயிலில் சொன்ன தொழுவக் கதையை ஓட்டுநரிடம் சொன்னார், பாதி கையசைவிலேயே. ஓட்டுநர் எழுந்து நின்றுவிட்டார். அவருக்கு நன்றாகத் தெரிந்த கதை! இங்கே பூதத்துக்குப் பெயர் ரஸத். புதையலைக் காக்கும் ஜின். அதுவும் ரத்தம் கேட்கும். இங்கேயும் மந்திரம் ஓத ஒரு ஷேக் வருவார், சாம்பிராணி வாங்கவே சொத்து போய்விடும். வீட்டுக்குள்ளேயே தோண்டி, மண் சரிந்து உயிரோடு புதைந்தவர்களும் உண்டு. இன்னொன்றும் சொன்னார்: மம்மியின் தொண்டையில் சிவப்புப் பாதரசம் இருக்குமாம், ஒரு சொட்டு கிடைத்தால் ஜின் அடிமையாம். அப்படி ஒரு பொருளே கிடையாது. ஆனால் அதைத் தேடிப் பிய்த்த மம்மிகள் இருக்கின்றன.

இந்த வியாபாரம் பழையது. பதினான்காம் நூற்றாண்டிலேயே இப்னு கல்தூன் இதைப் பற்றிக் காட்டமாக எழுதியிருக்கிறார். துனிஸில் பிறந்து கெய்ரோவில் நீதிபதியாக இருந்தவர் அவர். உழைத்துப் பிழைக்க மனமில்லாதவர்கள்தான் புதையல் தேடுகிறார்கள் என்றவர், ஒரு நல்ல கேள்வியும் கேட்டார்: மந்திரம் போட்டு மறைத்து வைத்தவன், அதை எடுக்கும் வழியையும் ஏன் எழுதி வைத்துவிட்டுப் போகப் போகிறான்? இந்த மந்திரங்களுக்கென்றே அரபியில் ஒரு கையேடு கைமாறிக்கொண்டிருந்தது. 1907-இல் எகிப்திய அறிஞர் அகமது கமால் அதை அச்சிட்டார். எல்லோர் கையிலும் கிடைத்தால் அதன் யோக்கியதை தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு. யோக்கியதை தெரிந்தது. தோண்டுவது நிற்கவில்லை.

இரவு ஹோட்டல் மாடியில் மாமாவுக்கு ஒரு பழைய வாக்குமூலத்தைச் சொன்னேன். ஒன்பதாம் ராம்செஸ் ஆட்சியின் பதினாறாம் ஆண்டு, அதாவது மூவாயிரத்து நூறு வருஷத்துக்கு முன், அமென்பனுஃபெர் என்ற கல்தச்சன் சொல்லி, பாப்பிரஸ் தாளில் பதிவான சாட்சியம். எட்டுப் பேர் சேர்ந்து சோபெகெம்சாஃப் மன்னனின் கல்லறைக்குள் போனோம், தங்கத்தை உரித்தோம், சவப்பெட்டிகளுக்குத் தீ வைத்தோம், ஆளுக்கு 20 தேபென் பிரித்துக்கொண்டோம் என்கிறான். மொத்தம் 160 தேபென்; ஏறக்குறைய பதினாலரை கிலோ. பிறகு பிடிபட்டான். தன் பங்கை அப்படியே துறைமுகக் கணக்கனிடம் கொடுத்து வெளியே வந்தான். கூட்டாளிகளிடம் போனான், அவர்கள் தங்கள் பங்கிலிருந்து எடுத்து அவனுக்கு ஈடு செய்தார்கள்.

"நியாயமான ஆளுங்க" என்றார் மாமா.

அந்தச் சாட்சியத்தில் சாபத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஐந்தாம் நாள்: மன்னர்களின் பள்ளத்தாக்கு

கூட்டத்துக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று ஆறு மணிக்கே கிளம்பினோம். எல்லோரும் அப்படியே நினைத்திருந்தார்கள்.

முதலில் ஆறாம் ராம்செஸின் கல்லறை. கூரையில் வான் தேவதை நூத் இரவில் சூரியனை விழுங்கிக் காலையில் பெற்றெடுக்கிறாள். அதைவிட எனக்குச் சுவர்க் கிறுக்கல்கள் பிடித்தன. கிரேக்க, ரோமானியக் காலத்திலேயே இது சுற்றுலாத் தலம். இந்த ஒரு கல்லறையில் மட்டும் ஆயிரம் கிறுக்கல்கள். சவப்பெட்டியைத் தவிர எதுவும் பிடிக்கவில்லை என்று கூட ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். விமர்சனம் எழுதும் பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல.

அப்புறம், நம்ம ஆள் ஒருவரும் இருக்கிறார். இந்தப் பள்ளத்தாக்கின் கல்லறைகளில் ஏறக்குறைய முப்பது இந்தியக் கிறுக்கல்களை சார்லட் ஷ்மித், இங்கோ ஸ்ட்ராவுக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அண்மையில் படித்து அறிவித்தார்கள். அவற்றில் பழந்தமிழ் எழுத்தான தமிழியில் சிகை கொற்றன் என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. ஈராயிரம் வருஷத்துக்கு முன், செங்கடல் துறையில் மிளகு இறக்கிவிட்டு வந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். வழிகாட்டிப் பலகை எதுவும் இல்லை. எங்கள் கண்ணுக்கு அந்தப் பெயர் அகப்படவில்லை. மாமா கழுத்து வலிக்கும்வரை தேடினார். "ஒரு தடவை எழுதினாப் போதாதா? கல்லறைக்குக் கல்லறை எழுதிருக்கான். நம்மாளுதான், சந்தேகமே இல்ல."

சரி, துட்டன்காமன். அவன் கல்லறை தப்பித்ததற்குக் காரணம் இந்த ஆறாம் ராம்செஸ்தான். இந்தக் கல்லறையைக் குடைந்த வேலையாட்களின் குடிசைகள், பக்கத்தில் கீழே புதைந்திருந்த அவன் வாசலுக்கு மேலேயே அமைந்துவிட்டன. அதற்கு முன்பே, அடக்கம் முடிந்த கொஞ்ச காலத்திலேயே, திருடர்கள் இரண்டு முறை உள்ளே போய்விட்டு வந்திருந்தார்கள்.

1922 நவம்பர் 4-இல் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டரின் ஆட்கள் முதல் படியைக் கண்டார்கள். 26-ஆம் தேதி மெழுகுவர்த்தியோடு எட்டிப் பார்த்தார். பணம் போட்ட கார்னர்வன் பிரபு பின்னால் நின்றார். 1923 பிப்ரவரியில் அடக்க அறை திறந்தது. ஏப்ரல் 5-இல் கார்னர்வன் கெய்ரோவில் இறந்தார். கொசுக்கடியைச் சவரக் கத்தி கீறி, புண் சீழ்ப்பிடித்து, ரத்தம் விஷமாகி, நிமோனியா. வயது 56. ஒரு கார் விபத்துக்குப் பிறகு அவருக்கு நுரையீரல் எப்போதும் பலவீனம்தான். அன்று கெய்ரோவில் கரண்ட் போனதாம்; இங்கிலாந்தில் அவர் நாய் ஊளையிட்டுச் செத்ததாம். கரண்ட் போவதெல்லாம் சாபமென்றால் சங்கரன்கோவிலில் யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

கதையை ஊதியது பத்திரிகைகள். கார்னர்வன் செய்தி உரிமையை லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்கு 5,000 பவுண்டுக்கு விற்றிருந்தார். மற்ற நிருபர்கள் வெயிலில் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் ஏதாவது எழுத வேண்டுமே! அப்படி உட்கார்ந்திருந்த ஆர்தர் வைகல், சிரித்துக்கொண்டே கல்லறைக்குள் இறங்கிய பிரபுவைப் பார்த்து, இந்த மனநிலையில் போனால் ஆறு வாரம்தான் என்றாராம். ஏழாவது வாரத்தில் பிரபு போனார். உள்ளே கிடைத்த ஒரு சிறு மண் செங்கல்லில், மறைவறையை மணல் மூடாமல் தடுப்பவன் நான் என்ற பொருளில் ஒரு வாசகம் இருந்தது. நிலையைத் தாண்டுபவர்களைக் கொல்வேன் என்று அதோடு ஒரு வரியைப் பத்திரிகைக்காரர்களே சேர்த்தார்கள். மன்னனின் அமைதியைக் குலைப்பவனை மரணம் சிறகடித்து வந்து தீண்டும் என்ற புகழ்பெற்ற வாசகம் இந்தக் கல்லறையில் எங்கும் இல்லை.

மாமாவுக்குப் பெயர் வாரியாகக் கணக்கு வேண்டும். 1934-இல் அமெரிக்கத் தொல்லியலாளர் ஹெர்பர்ட் வின்லாக் போட்ட கணக்குப்படி, கல்லறை திறந்தபோது இருந்த 26 பேரில் பத்து வருஷத்துக்குள் இறந்தவர்கள் 6 பேர். மம்மியைப் பிரித்தபோது இருந்த 10 பேரில் ஒருவர்கூட இறக்கவில்லை. 2002-இல் மார்க் நெல்சன் என்ற ஆய்வாளர், கல்லறை திறந்த காலத்தில் எகிப்தில் இருந்த 44 மேலைநாட்டவரை எடுத்துப் பார்த்தார்; திறப்பில் உடனிருந்து சாபத்துக்கு ஆளாகியிருக்க வேண்டியவர்கள் சராசரியாக 70 வயதுவரை இருந்தார்கள். அப்பாவோடு உள்ளே போன கார்னர்வனின் மகள் ஈவ்லின் 1980-இல், 78 வயதில் காலமானார். எல்லாவற்றையும் தோண்டிய கார்ட்டர் 1939-வரை இருந்தார்.

"முதல் குற்றவாளிக்கே பதினாறு வருஷம் வாய்தாவா?" என்றார் மாமா. "நம்ம ஊர் சிவில் கேஸ் மாதிரில்ல இருக்கு."

தனி டிக்கெட் வாங்கி உள்ளே இறங்கினோம். மற்ற கல்லறைகளைப் பார்த்துவிட்டு வந்தால் இது ஒரு ஸ்டோர் ரூம் அளவுதான். பொருள்களெல்லாம் கெய்ரோவுக்குப் போய்விட்டன. அவன் மட்டும் இங்கேயே இருக்கிறான், முன்னறையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள். வெள்ளைத் துணி போர்த்தி, கருத்த முகமும் பாதங்களும் மட்டும் தெரிய. பத்தொன்பது வயதுப் பையன். அவ்வளவு சின்ன முகத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

கூட்டம் நகர்ந்து ஒரு நிமிஷம் நாங்கள் மட்டும் நின்றோம். மாமா மஃப்ளரை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார், கோயிலில் துண்டைக் கட்டுவதுபோல. என் பக்கம் திரும்பாமலே, "அது எப்படிச் சொல்லணும் மாப்பிள்ளை? ரொட்டி முதல்லயா?" என்றார்.

"ஆமா. ஆயிரம் ரொட்டி."

"ஆயிரம் ரொட்டி," என்று மெதுவாகச் சொன்னார். கொஞ்சம் தயங்கினார். "ஆயிரம் மோர்."